பிளான் இல்லாமல் கட்டிய பழைய வீடு: கோளாறு எங்கே, எப்படிச் சரிசெய்வது?

தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் பழைய ஊர்களின் உள்தெருக்களிலும் வரைபடம் எதுவும் இல்லாமல் கட்டிய வீடுகள் இன்னும் நிறைய நிற்கின்றன. தாத்தா வாயால் சொல்லியிருப்பார், கொத்தனார் கயிறு பிடித்துத் தரையில் கோடு போட்டிருப்பார், அவ்வளவுதான் பிளான். முதலில் ஒரு மண்சுவர் அறை. வெள்ளாமை நன்றாக இருந்த வருடம் முன்பக்கம் சுண்ணாம்புக் காரையில் ஒரு கூடம். பிள்ளைகளுக்குக் கல்யாணம் என்றபோது பின்னால் சீமை ஓடு (மங்களூர் ஓடு) போட்ட இன்னொரு கட்டு. கடைசியாக ஆஸ்பெஸ்டாஸ் தகட்டில் ஒரு சமையலறை. இந்தியாவின் தேசியக் கட்டடத் தொகுப்பே 1970-இல்தான் வந்தது. தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கான கட்டட விதிகள் 1997-இல் வந்தன. அதற்கு முன்பே எழுந்துவிட்ட வீட்டில் தூண் எங்கே, பீம் எங்கே, கம்பி எத்தனை என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அங்கே பாரம் முழுவதையும் சுவர்தான் சுமக்கிறது.

இந்த வீடுகளுக்கு வயதைவிடப் பெரிய எதிரிகள் இரண்டு. ஒன்று தண்ணீர். இன்னொன்று, தண்ணீரை அடக்கிவிடலாம் என்று நம்பி நாம் பூசும் சிமெண்ட். மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். அந்த விடுகிற வழியை அடைத்தால் சுவர் உள்ளிருந்தே கெடுகிறது. கீழே சொல்லியிருக்கும் பெரும்பாலான அறிகுறிகள் இந்த ஓர் இடத்தில்தான் வந்து முடியும்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் வேலையை மேலிருந்து தொடங்குங்கள். முதலில் கூரை, பிறகு வீட்டைச் சுற்றி ஓடும் தண்ணீர், பிறகு சுவர், அப்புறம் பூச்சு, கடைசியில் வெள்ளை. பொங்கலுக்கு முன் வெள்ளையடித்து ஆடியில் கூரை பிரிக்கிறவர்களுக்கு இரண்டு செலவு.

முதல் வேலை: எது மண், எது காரை?

ஒரே வீட்டில் மூன்று விதச் சுவர் இருக்கும், அதனால் ஒவ்வொரு சுவரையும் தனியாகப் பாருங்கள். பூச்சு பெயர்ந்த இடத்தில் கற்களுக்கு நடுவே உள்ள கலவையைச் சாவியால் கீறுங்கள். கீறலே விழவில்லை என்றால் சிமெண்ட். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் சுண்ணாம்பு. பழுப்பாக உதிர்ந்தால் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். குழைந்து விரலில் ஒட்டினால் மண். குழையாமல் மணலாகவே நின்றால் சுண்ணாம்போடு செங்கல்தூள் கலந்த காரை. இதைப் பென்சிலால் அந்தந்தச் சுவரிலேயே எழுதி வையுங்கள். பிறகு வரும் கொத்தனாருக்கும் உதவும்.

சுவர் வயிறு தள்ளி நிற்கிறது

இதை முதலில் வைத்ததற்குக் காரணம், இதில் உயிர்ப் பிரச்சினை இருக்கிறது. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் மண்சுவர் இடிந்து தூக்கத்திலேயே ஆட்கள் இறந்த செய்தி வருகிறது. காய்ந்த மண்சுவர் நல்ல பாரம் தாங்கும். அடிப்பகுதி ஊறிவிட்டால் அந்த வலுவில் பெரும்பகுதி போய்விடும்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். புடைப்பு இருந்தால் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். பிறகு தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். புடைப்பு பழையதாக, காய்ந்ததாக, பல வருடமாக அப்படியே இருப்பதாகத் தெரிந்தால் பொறியாளர் வந்து பார்க்கும்வரை பொறுக்கலாம். மழைக்காலத்தில் புதிதாகப் புடைத்திருந்தாலோ, அடியில் மண் குழைந்து வழிந்தாலோ, கதவு நேற்றுவரை சாத்தி இன்று சாத்தவில்லை என்றாலோ அந்த அறையில் ஒருவரும் படுக்கக் கூடாது. மழை விட்டுவிட்டதே என்று உடனே திரும்பிப் போகவும் வேண்டாம். ஊறிய சுவர் மழை நின்ற பிறகும் விழும். கூரைப் பாரத்தை உள்ளே மரக்கால் கொடுத்துத் தாங்க வேண்டும். காலுக்கு அடியில் ஒரு பலகை போட வேண்டும், இல்லாவிட்டால் கால் தரையில் இறங்கிவிடும். இதையும் அனுபவமுள்ள ஆள்தான் செய்ய வேண்டும். வெளியிலிருந்து சுவரை முட்டுக்கொடுத்து நிமிர்த்துகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள்.

சுவரின் அடியில் ஈரம், உப்புப் பூக்கிறது, பூச்சு பெயர்கிறது

பழைய வீட்டில் எல்லோரும் முதலில் சொல்லும் புகார் இது. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை சுவர் கறுத்திருக்கும். மேல்விளிம்பில் வெள்ளையாக உப்பு பஞ்சுபோல் பூத்திருக்கும். கை வைத்தால் பெயிண்ட் ஏடு ஏடாக வரும்.

மண்ணில் இருக்கும் ஈரம் சுவரின் நுண்துளைகள் வழியே மேலே ஏறுகிறது. கூடவே உப்பையும் கொண்டுவருகிறது. ஈரம் காய்ந்து வெளியேறும் இடத்தில் உப்பு மட்டும் தங்கிப் படிகமாகிறது. அந்தப் படிகம் பெரிதாகும்போது பூச்சைத் தள்ளிவிடுகிறது. இதைப் பார்த்ததும் வழக்கமாக என்ன செய்கிறோம்? நாலடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசி, மேலே டைல்ஸும் ஒட்டுகிறோம். இரண்டு வருடம் சுத்தமாக இருக்கும். உள்ளே ஈரத்துக்குப் போக வழியில்லாமல் டைல்ஸுக்கு மேலே ஐந்தடி, ஆறடிக்கு ஏறி அங்கே உப்புப் பூக்கும். சுவர் மண்ணாக இருந்தால் டைல்ஸுக்குப் பின்னால் கூழாகிக்கொண்டிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

காரணத்தைத் தேட வெளியே போய் நில்லுங்கள். தெருவைப் பாருங்கள். இந்த வீடு கட்டியபோது ஏறிப்போக இரண்டு மூன்று படிகள் இருந்திருக்கும். தார் மேல் தார், அதன்மேல் கான்கிரீட் என்று சாலை உயர்ந்து படிகள் மண்ணுக்குள் போய்விட்டன. இப்போது தெருத்தண்ணீர் நிற்கும் மட்டமும் உங்கள் தரைமட்டமும் ஒன்று. ஈரத்துக்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். அடுத்து, துவைகல் எங்கே, குளியலறைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, கூரைத் தண்ணீர் சுவரோரமே விழுகிறதா, வெளிச்சுவரை ஒட்டி மண் மேடு கட்டியிருக்கிறதா, பக்கத்து வீட்டுக்காரர் சுவரோரம் வாழை வைத்துப் பாத்தி கட்டியிருக்கிறாரா என்று பாருங்கள்.

சரிசெய்யும் வரிசை இது. சுவரோரம் சேர்ந்த மண்ணை வெட்டி, வெளித்தரை உள்தரையைவிட அரையடியாவது தாழ இருக்கும்படி செய்யுங்கள். தெரு உயர்ந்துவிட்டதால் அது முடியாது என்றால் சுவரை விட்டு இரண்டடி தள்ளி ஒரு வாய்க்கால் எடுத்து, ஜல்லி நிரப்பி, தண்ணீரைத் தாழ்வான இடத்துக்கு இழுத்துவிடுங்கள். அஸ்திவாரத்துக்குக் கீழே தோண்டிவிடாதீர்கள். இந்த வீடுகளுக்கு அஸ்திவாரமே இரண்டடிதான் இருக்கும். பிறகு உள்ளேயும் வெளியேயும் உள்ள சிமெண்ட் பூச்சை, ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல்வரை, சிறிய உளியால் மெதுவாகத் தட்டி எடுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து முறத்தில் வாங்கி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும்.

அப்புறம் காத்திருக்க வேண்டும். மாசியில் உரித்தால் ஆனி வரை சுவர் வெறுமையாகவே நிற்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் பொறுமை போவது இந்த இடத்தில்தான். விருந்தாளி வருகிறார்கள் என்று பாதியிலேயே பூசிவிடுவார்கள். அப்படிப் பூசினால் செய்த வேலையெல்லாம் வீண்.

காய்ந்த பிறகு காரைச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு: நன்றாக ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத ஆற்றுமணல் மூன்று பங்கு. சுட்ட சுண்ணாம்புக் கல்லை நீற்றும்போது தண்ணீர் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். நீற்றிய சுண்ணாம்பு தண்ணீருக்கு அடியில் சில வாரமாவது கிடக்க வேண்டும், எவ்வளவு நாள் கிடக்கிறதோ அவ்வளவு வழவழப்பு. சுவரை நனைத்துவிட்டு, ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் மெல்லிதாகப் பூசி, முதல் பூச்சு இறுகிய பிறகு அடுத்தது. ஒரு வாரம் ஈரச்சாக்கு கட்டி நிழலில் காய விடுங்கள். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாகிறது, அவசரமாகக் காய்ந்தால் வெறும் தூளாக உதிரும். மண்சுவருக்கு இதைவிட எளிது. சலித்த மண், மணல், நறுக்கிய வைக்கோல் மூன்றையும் மிதித்துக் குழைத்து ஒரு வாரம் ஊறப்போட்டுப் பூசுங்கள். வெடிப்பு விட்டால் களிமண் அதிகம், மணல் சேருங்கள். மேலே வஜ்ஜிரப் பசை கலந்த சுண்ணாம்பு அடித்தால் போதும். பிளாஸ்டிக் பெயிண்ட், வாட்டர்புரூஃப் பூச்சு எதுவும் அடிக்காதீர்கள்.

சுவரில் வெடிப்பு

வெடிப்பைப் பார்த்ததும் அடைக்கத் தோன்றும். அடைக்காமல் முதலில் அளவெடுங்கள். வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைக் குறுக்கே ஒட்டுங்கள். கண்ணாடி உடைந்தால் வீடு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு மழையும் ஒரு கோடையும் கடந்து உடையாமல் இருந்தால் அது பழைய கதை, அடைத்துவிடலாம்.

வெடிப்பு மேலிருந்து கீழ்வரை நேராக, ஒரே அகலத்தில், இரண்டு அறைகள் சேரும் இடத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம். பின்னால் சேர்த்த கட்டைப் பழைய சுவரோடு கல்லைக் கோத்துக் கட்டாமல் ஒட்டவைத்துவிட்டார்கள். இரண்டும் தனித்தனியாக இறங்கும், தனித்தனியாக நிற்கும். சுண்ணாம்புக் கலவையால் அடையுங்கள். சிமெண்ட் வைத்து இறுக்கினால் பக்கத்தில் புதிதாக விரியும்.

ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாக ஏறி, மேலே போகப் போக அகலமானால் சுவரின் ஒரு முனை இறங்குகிறது. அந்த முனைக்கு வெளியே போய்ப் பாருங்கள். செப்டிக் டேங்க், உறைகிணறு, உடைந்த குழாய், போர் போட்ட குழி, பெரிய வேம்பு என்று ஏதாவது ஒன்று அங்கே இருக்கும். கோவில்பட்டி, அருப்புக்கோட்டை, விருதுநகர்ப் பக்கம் கரிசல் பூமி என்றால் கணக்கு வேறு. கரிசல் மழையில் வீங்கும், கோடையில் சுருங்கிப் பாளம் விடும். அங்கே சித்திரையில் விரல் நுழைகிற வெடிப்பு கார்த்திகையில் மூடிக்கொள்ளும். அதை முழுக்க நிறுத்த முடியாது. சுவரோரத்து ஈரம் வருடம் முழுக்க ஒரே அளவில் இருக்கும்படி, வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போட்டால் அசைவு குறையும். சுவருக்கும் தளத்துக்கும் நடுவில் சிறிது இடைவெளி விட்டு மணல் நிரப்புங்கள், இல்லாவிட்டால் தளத்தடி ஈரம் சுவரில் ஏறும்.

கூரைக்குச் சற்றுக் கீழே படுக்கைவாட்டில் ஓடும் வெடிப்பும், வெளிப்பக்கம் சாயும் சுவரும் சேர்ந்து வந்தால் கூரைக்குள் அண்ணாந்து பாருங்கள். இரண்டு சுவர்களையும் இழுத்துப் பிடிக்கிற குறுக்கு உத்திரத்தை, தலை இடிக்கிறது, பரண் கட்ட வேண்டும் என்று யாராவது அறுத்திருப்பார்கள். கூரையைத் தாங்கும் சாய்வான கைமரங்களின் பாரம் சுவரை வெளியே தள்ளுகிறது. உத்திரத்தைத் திரும்பப் போட வேண்டும், அல்லது இரும்புக் கம்பியால் இரண்டு பக்கமும் பட்டை வைத்து முடுக்க வேண்டும். வெடிப்பை மட்டும் பூசினால் ஒரு பலனும் இல்லை.

மெட்ராஸ் டெரஸ் ஒழுகுகிறது

தேக்குக் கட்டைகள் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்வாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பு செங்கல்ஜல்லி போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிய கூரை இது. மேலே தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு. நன்றாகத் தட்டிய தளம் நூறு வருடமும் ஒழுகாமல் நிற்கும். ஒழுகுவது பெரும்பாலும் தளத்தின் நடுவில் இருக்காது, ஓரங்களில்தான்.

மழைத்தண்ணீர் வெளியேறும் தூம்பில் இலையோ பந்தோ அடைத்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை விட்டிருக்கிறதா, தட்டோட்டு இணைப்பில் புல் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒழுகும் இடம் பிடிபடவில்லை என்றால் தளம் முழுவதும் தண்ணீர் கட்டிப் பார்க்கக் கூடாது, பழைய கட்டைக்கு அந்தப் பாரம் ஆகாது. தாழ்வான முனையிலிருந்து தொடங்கி, ஓரிடத்தில் அரைமணி நேரம் ஹோஸ் பைப்பில் மெல்லத் தண்ணீர் விட்டு, கீழே ஒருவர் நின்று பார்க்க வேண்டும். கண்டுபிடித்ததும் இணைப்புகளைச் சுரண்டி, சுண்ணாம்பும் செங்கல்தூளும் குழைத்து அழுத்தி அடைத்து, கைப்பிடிச் சுவர் மூலையைச் சரிவாக உருட்டிப் பூசுங்கள்.

மேலே இன்னொரு அடுக்கு சிமெண்ட் போடுவதைத் தவிருங்கள். ஒவ்வொரு தலைமுறையும் ஓர் அடுக்கு போட்டு அரையடி ஏறிய தளங்கள் உண்டு. கட்டைகள் மொத்தத்தையும் சுமக்கின்றன. 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால் அது ஒரு டன். அதை மொட்டைமாடி நடுவில் வைத்திருக்கிறீர்கள் என்றால் இன்றைக்கே காலி செய்யுங்கள்.

ஓட்டுக்கூரை சொட்டுகிறது

பகலில் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே நின்று மேலே பாருங்கள். வெளிச்சப் புள்ளி தெரியும் இடம் ஓட்டை. ஆனால் ஓட்டை ஓரிடம், சொட்டுவது வேறிடம். தண்ணீர் ரீப்பரோடு (ஓடு உட்காரும் மெல்லிய மரச்சட்டம்) ஓடிக் கீழே எங்கேயோ விழும். அதனால் சொட்டும் இடத்துக்கு மேல்பக்கமாகத் தேடுங்கள்.

நாட்டு ஓடு என்றால் பூனையும் குரங்கும் நகர்த்தியிருக்கும். புரட்டாசிக்குள் ஓடு மேய்கிற ஆளைக் கூப்பிட்டு ஒரு தடவை பிரித்து அடுக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால் கேட்கும் கூலியைக் கொடுங்கள். சீமை ஓடு என்றால் உடைந்ததை மட்டும் மாற்றலாம். 1860-களில் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பினர் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய ஓடு இது. பிறகு எத்தனையோ கம்பெனிகள் போட்டன. ஒரு கம்பெனியின் பள்ளம் இன்னொன்றின் மேட்டில் சரியாக உட்காராது. ஓட்டின் அடிப்பக்கம் அச்சுப் பெயர் இருக்கும், அதைப் பார்த்து அதே பெயரைப் பழைய சாமான் கடையில் தேடுங்கள். ஓட்டின் மேல் நேரடியாக ஏறாமல் பலகை போட்டு ஏறுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் தகடு விரிசல் விட்டிருந்தால் துளைபோடவோ அறுக்கவோ உடைக்கவோ கூடாது. அந்த நார்த்தூசி நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும். மாற்ற நேர்ந்தால் நனைத்து, முழுத்தகடாகவே இறக்குங்கள்.

மரத்தில் பூச்சி

கட்டைமேல் மண்கோடு ஓடினால் கறையான். தரையில் மாவுபோல் தூள் கொட்டி, மரத்தில் குண்டூசித் துளை இருந்தால் உளு என்கிற மரம் துளைக்கும் பூச்சி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கறையான் தரையிலிருந்து வருகிறது, அதற்கு ஈரம் வேண்டும். மண்கோட்டைத் துடைத்துவிட்டால் மறுபடி வேறு வழியில் ஏறும். ஈரத்தை நிறுத்திவிட்டு, சுவரோரத் தரையில் மருந்து வைக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். உளு மரத்துக்குள்ளேயே இருக்கிறது, மரத்துக்குத்தான் மருந்து அடிக்க வேண்டும்.

எதுவாக இருந்தாலும் சுவருக்குள் புதைந்த கட்டை முனையைக் கட்டாயம் பாருங்கள். முதலில் கெடுவது அதுதான். ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். நல்ல தேக்கில் நுனிகூட இறங்காது. அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்தக் கட்டைக்குக் கீழே உடனே கால் கொடுங்கள். முழுக் கட்டையையும் மாற்றத் தேவையில்லை, கெட்ட முனையை அறுத்துவிட்டு இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்துப் போல்ட் போட்டு நீட்டலாம்.

சுவரைத் தொட்டால் ஷாக்

மெயினை அணையுங்கள். இதில் சொந்த வைத்தியம் கூடாது. பழைய மரப்பட்டை வயரிங்கில் எர்த் கம்பியே இருக்காது, வயரின் உறை பொடிந்திருக்கும், ஈரச்சுவர் மின்சாரத்தைக் கடத்தும். வயரைப் புதிதாக இழுத்து, எர்த் குழி போட்டு, மின்கசிவு வந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தச் சொல்லுங்கள்.

சுவரில் அரசங்கன்று

பிடுங்காதீர்கள், வேரோடு நாலு செங்கல்லும் சேர்ந்து வரும். அடியில் வெட்டி, வெட்டுவாயில் வேர்க்கொல்லி தடவி, வேர் செத்த பிறகு சுண்ணாம்பு வைத்து அடையுங்கள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுத் தளம் போட்டுடலாம் அண்ணே"

இது அறிகுறி இல்லை, ஒழுகும் கூரையைப் பார்த்துவிட்டு மேஸ்திரி சொல்வது. பதில் சொல்வதற்கு முன் பாரத்தைக் கணக்குப் போடுங்கள். சீமை ஓடு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 40 கிலோ. நாலு அங்குலக் கான்கிரீட் தளம் அதே இடத்தில் 250 கிலோ. பத்துக்குப் பத்து அறைக்கு இரண்டேகால் டன்னுக்கு மேல். மண்ணால் கட்டிய சுவர் அதைச் சுமக்க எழுந்ததே இல்லை. வெயிலில் தளம் நீளும்போது சுவரின் தலையையும் சேர்த்து இழுக்கும். கம்பி போட்டால் வலு வந்துவிடும் என்பார்கள். தளத்துக்கு வரும், சுவருக்கு வராது. தளம்தான் வேண்டும் என்றால் பழைய சுவரைத் தொடாமல் அஸ்திவாரத்திலிருந்து தனித் தூண் எழுப்ப வேண்டும். கூரையை முழுதாக மாற்றுவது, சுவரை உயர்த்துவது என்று இறங்கினால் 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் பேச்சுக்கு வரும். ஊராட்சியிலோ நகராட்சியிலோ அனுமதி தேவையா என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பொறியாளர் வந்து பார்த்து, இடிக்கத்தான் வேண்டும் என்று சொன்னால் கட்டிய வரிசைக்கு நேரெதிராகப் பிரியுங்கள். ஓடு, ரீப்பர், கைமரம், உத்திரம், கடைசியில் சுவர். ஜேசிபி வைத்து ஒரே நாளில் தள்ளினால் தேக்கும் நிலையும் குப்பையோடு போகும், பொதுச்சுவர் இருந்தால் பக்கத்து வீடும் விரியும். சுண்ணாம்பில் கட்டிய செங்கல் தட்டினால் முழுசாகக் கழன்று வரும். சுத்தம் செய்து அடுக்கி வையுங்கள், புது வீட்டுச் சுற்றுச்சுவருக்கு அதுவே ஆகும்.